டிராஃப்ட் பீரில் ஏன் இத்தனை நுரை?

குழாயைத் திறந்ததும் கிளாஸில் முக்கால்வாசி நுரைதான் விழுகிறது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாலும் அதே கதை. இப்படி நடக்கும்போது கவுண்டரில் நிற்பவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது, பீரைத் தள்ளும் கேஸின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரில். அழுத்தம் அதிகம், அதனால்தான் நுரைக்கிறது என்று நினைத்து அதைக் குறைக்கிறார். பீர் மெதுவாக வருவதால் கொஞ்ச நேரம் சரியானது போலத் தெரியும். மறுநாள் நுரை இன்னும் மோசமாகிவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் நுரை கூடுவது எப்படி என்று புரிந்துவிட்டால், டிராஃப்ட் பீரின் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை கிடைத்த மாதிரிதான்.

வழக்கமான லாகர் பீர் ஒரு லிட்டரில் சுமார் இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அதை உள்ளேயே பிடித்துவைப்பவை இரண்டு: குளிரும் அழுத்தமும். திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, திரவத்தின் மேல் அந்த வாயு தரும் அழுத்தத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். மான்செஸ்டர்காரரான வில்லியம் ஹென்றி 1803இல் வெளியிட்ட விதி இது. திரவம் சூடாக ஆக வாயு கரைவதும் குறையும். கெக்கில், அதாவது பீர் அடைத்து வரும் உலோகப் பீப்பாயில், பீர் 3.3 டிகிரி செல்சியஸில் இருந்தால், அந்த இரண்டரை லிட்டர் வாயுவைத் தக்கவைக்கச் சுமார் 11 பிஎஸ்ஐ (கேஸ் அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும். அதே பீர் 7 டிகிரிக்கு வந்துவிட்டால் 15 பிஎஸ்ஐ தேவை. அந்த நேரத்தில் ரெகுலேட்டரை 8க்கு இறக்கினால் என்ன ஆகும்? பிடிமானம் போன வாயு பைப்புக்குள்ளேயே பிரிந்து குமிழியாகிவிடும். கிளாஸுக்கு வருவது பீரும் குமிழியும் கலந்த கலவை, அதாவது நுரை. கெக்கில் மிஞ்சியிருக்கும் பீரும் நாளுக்கு நாள் வாயுவை இழந்து சப்பென்று ஆகிவிடும்.

அதனால் ரெகுலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரை எடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. அது காற்றின் வெப்பநிலை. இரண்டாவதாகப் பிடித்த கிளாஸுக்குள் தெர்மாமீட்டரை விட்டு, பீரின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். லாரியில் வந்து இறங்கிய 50 லிட்டர் கெக் உள்வரை குளிர ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுக்கும். காலையில் வந்த கெக்கை மாலையில் பூட்டினால் எந்த ரெகுலேட்டராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

அப்புறம், நுரை எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். பழுது பார்ப்பதில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கட்டம்தான், ஏனென்றால் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமலே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்த குழாயில் முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து, அடுத்தடுத்தவை நன்றாக வந்தால் கெக்கில் குறையில்லை. கவுண்டருக்கு மேலே நிற்கும் டவரும் குழாயும் சூடாகிவிட்டன. கீழே இருந்து குளிர்ந்த காற்று டவருக்குள் ஏறுகிறதா, கிளைக்கால் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடும் அமைப்பென்றால் அது டவரின் உச்சிவரை போகிறதா என்று பார்த்தால் போதும். எல்லாக் குழாய்களிலும் எல்லா கிளாஸும் நுரைத்தால் குளிரூட்டியையோ கேஸையோ சந்தேகிக்கலாம். நான்கில் ஒரு குழாய் மட்டும் தகராறு செய்தால் அதன் கெக், கெக்கின் வாயில் பூட்டும் கப்ளர், பைப், குழாய் இந்த நான்கைத் தாண்டி எங்கும் தேட வேண்டியதில்லை.

இந்த மாதிரி நேரத்தில் கப்ளருக்கு மேலே இருக்கும் ஓரடிப் பைப்பை டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல நிலையில் அதில் பீர் கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும். கெக் பக்கத்திலிருந்தே மணி மணியாகக் குமிழிகள் கிளம்பினால் பீர் சூடாக இருக்கிறது, அல்லது அழுத்தம் போதவில்லை, அல்லது கப்ளரின் ரப்பர் வாஷர் தேய்ந்து அதன் வழியாக கேஸ் நேரடியாகப் பீருக்குள் புகுகிறது. கீழே தெளிவாக இருந்து மேலே குழாயை நெருங்கும்போது மட்டும் குமிழி தெரிந்தால் மறுபடி டவர்தான். தேய்ந்த வாஷர் சில ரூபாய்ச் சாமான். அது தெரியாமல் கெக் கெக்காகப் பீரைக் கொட்டுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

அழுத்தம் நிஜமாகவே கூடிப்போய் நுரைப்பதும் உண்டு. ஆனால் அது மெதுவாக வரும். ரெகுலேட்டர் தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால் பீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை உள்வாங்கும். திங்கட்கிழமை நன்றாக இருந்த கெக், வியாபாரம் மந்தமாக இருந்தால் வெள்ளிக்கிழமை சீறும். இதற்கு கேஸை மூடிவிட்டு, கப்ளரின் ரிலீஸ் வால்வைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இழுத்து வாயுவை வெளியேற்றி, பிறகு சரியான அழுத்தத்தில் வைக்க வேண்டும்.

சரி, கெக்கில் 11 பிஎஸ்ஐ இருக்கிறது, வெளியே காற்று. பீர் ஏன் பீறிட்டு அடிப்பதில்லை? அந்த அழுத்தத்தை வழியிலேயே செலவழித்துவிடுவது பைப்தான். உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர் உள்ள வினைல் பைப் மீட்டருக்குச் சுமார் 10 பிஎஸ்ஐயை உராய்வில் தின்னும். 6.4 மில்லிமீட்டர் பைப் மூன்றுகூடத் தின்னாது. கெக்கைவிடக் குழாய் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் 1.4 பிஎஸ்ஐ தனி. இவையெல்லாம் கூடி ஏறக்குறைய கெக்கின் அழுத்தத்துக்குச் சமமானால் அரை லிட்டர் கிளாஸ் எட்டு விநாடியில் அமைதியாக நிறையும். பழைய பைப்பை மாற்றும்போது கையில் கிடைத்த அகலப் பைப்பை அதே நீளத்துக்கு வெட்டிப் போட்டால், மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தும் பீர் சீறும். குழாயைப் பாதி மட்டும் திறந்து வேகத்தைக் குறைக்கப் பார்ப்பதும் உதவாது. அந்தச் சின்ன இடுக்கில் பீர் கலங்கி இன்னும் நுரைக்கும். குழாயை எப்போதும் முழுசாகத் திறக்க வேண்டும்.

பெங்களூரில் பப் நடத்துபவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கேஜில், அதாவது அழுத்தமானியில், தெரியும் எண், சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பது மட்டுமே. பீரில் வாயுவைப் பிடித்துவைப்பதோ மொத்த அழுத்தம். சென்னையில் காற்றே 14.7 பிஎஸ்ஐ தருகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அது ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ குறைவு. ஆகவே கடல் மட்டத்துக்கான அட்டவணை 11 என்றால் அங்கே 12.5 வைக்க வேண்டும்.

கெக் அறை தொலைவில் இருக்கும் பெரிய ஹோட்டல்களில் பீரைத் தள்ளவே 25, 30 பிஎஸ்ஐ வேண்டியிருக்கும். வெறும் கார்பன் டை ஆக்சைடை அவ்வளவு அழுத்தத்தில் வைத்தால் பீர் அதைக் குடித்துத் தீர்த்துவிடும். பீரில் அதிகம் கரையாத நைட்ரஜனைக் கலந்து இதைச் சமாளிக்கிறார்கள். நைட்ரஜனைப் பீருக்கு முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது கின்னஸ் நிறுவனம். அங்கே வேலை பார்த்த கணித வல்லுநர் மைக்கேல் ஆஷின் குழு உருவாக்கிய முறை 1959இல் நடைமுறைக்கு வந்தது. இப்போதும் அந்த வகைக் கறுப்புப் பீருக்கு நைட்ரஜன் முக்கால் பங்கு, கார்பன் டை ஆக்சைடு கால் பங்கு என்று கலந்த கேஸ்தான் போகிறது. சாதாரண லாகருக்கு அந்த சிலிண்டரைத் தவறிப்போய் மாட்டினால் சில நாளில் அது சப்பென்று ஆகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, பீரின் மேல் நுரையே தங்காமல் போனால் முதலில் கிளாஸைப் பாருங்கள். துளி எண்ணெய்ப் பசை போதும், நுரை அடங்கிவிடும். உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றாலும் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை என்றுதான் பொருள்.

வாசனைக் கோளாறுக்குக் காரணம் அழுக்கு. பாப்கார்ன் வெண்ணெய் மாதிரி மணந்தால் பைப்புக்குள் பெடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருளைச் செய்துகொண்டிருக்கலாம். வினிகர் நெடி என்றால் காற்று படும் குழாய் வாயில் அசிட்டிக் அமில பாக்டீரியா குடியேறியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சுமார் 2 சதவீதக் காஸ்டிக் (காரக்) கரைசலைப் பைப்புக்குள் 15 நிமிடம் சுற்றவிட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். குழாயையும் கப்ளரையும் கழற்றித் தேய்க்க வேண்டும். உள்ளே படியும் பீர்க்கல் கால்சியம் ஆக்சலேட். அது காஸ்டிக்குக்கு அசையாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல் தேவை. வெந்நீர் மட்டும் விட்டுக் கழுவியதாகக் கணக்கு எழுதும் இடங்களில் பீர் குடிக்க எனக்கு மனம் வராது.

கடைசியாக சிலிண்டர். உள்ளே கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருப்பதால், அது தீரும்வரை கேஜ் முள் அசையாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். 20 டிகிரியில் அது 830 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும். முள் இறங்கத் தொடங்கினால் மிஞ்சியிருப்பது வெறும் வாயு. எவ்வளவு இருக்கிறது என்று அறிய எடை போட வேண்டும். சீக்கிரம் சீக்கிரம் காலியானால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, மணமும் கிடையாது. மூடிய குளிர் அறையிலோ தரைக்கடி அறையிலோ தேங்கினால் உயிருக்கே ஆபத்து. அறைக்குள் போனதும் தலைவலியோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் கசிவைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்து, கதவைத் திறந்துவைத்து, மற்றவர்களையும் வெளியேற்ற வேண்டும். கேஸ் டிடெக்டர் இல்லாத கெக் அறையில் தனியாக யாரையும் வேலைக்கு விடாதீர்கள்.