777 என்னும் மூடநம்பிக்கை

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். அப்பாவின் தேனீப் பெட்டிகளில் வாராவாரம் எடுத்த தேனைக் கணக்கிடும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கல்லூரி சர்வரில் தன் பெயருக்குரிய டைரக்டரியில் வைத்தாராம். முதலில் 403 பிழை, அதாவது 'அனுமதி இல்லை'. யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடுத்தார்: எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். இப்போது 500 பிழை, அதாவது சர்வருக்குள்ளேயே ஏதோ கோளாறு. "கதவை அகலத் திறந்தபிறகும் ஏன் உள்ளே விடவில்லை?" என்கிறார்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாச்சி என்ற வலை சர்வரில் யூசர்டிர் என்ற மாட்யூல் இயங்கினால், முகவரியில் ~ குறியோடு வரும் பெயர் அந்தப் பயனரின் 'பப்ளிக்_எச்டிஎம்எல்' டைரக்டரிக்குப் போகும். அது இருக்கும் ஹோம் டைரக்டரியை, அதாவது பயனரின் சொந்த இடத்தை, கடந்து செல்லவே சர்வருக்கு அனுமதி இல்லையென்றால் 403 வரும். அதற்கு 711 போதும்: உரிமையாளருக்கு எல்லாம், மற்றவர்களுக்குக் கடந்து செல்ல மட்டும். அந்த டைரக்டரியில் சிஜிஐ ஸ்கிரிப்டை (சர்வர் இயக்கி, வெளியீட்டைப் பக்கமாக அனுப்பும் நிரலை) இயக்கலாம் என்று சர்வர் அமைப்பிலும் எழுதியிருக்க வேண்டும்.

இனி என் மனம் கவர்ந்த பகுதி. ஸ்கிரிப்டை யார் பெயரில் இயக்குவது? எல்லாருடையதையும் சர்வரின் ஒரே பயனர் பெயரில் இயக்கினால், ஒரு மாணவரின் ஸ்கிரிப்ட் இன்னொருவரின் தேன் கணக்கை அழித்துவிட முடியும். இதற்காகவே சூ-எக்செக் என்ற சிறு நிரல் இருக்கிறது. அது ரூட், அதாவது எதையும் செய்யக்கூடிய தலைமைப் பயனர், அதிகாரத்தோடு தொடங்கும். தன்னை அழைத்தது சர்வர்தானா, பயனர் உண்மையானவரா, ரூட் அல்லவே என்று பார்க்கும். பிறகு முதலில் தன் குழுவை அந்தப் பயனரின் குழுவாக மாற்றிக்கொள்ளும், அடுத்துத்தான் பயனரை. இந்த வரிசை முக்கியம்: ரூட் அதிகாரத்தை முதலில் துறந்துவிட்டால் குழுவை மாற்றும் உரிமையும் போய்விடும். துறந்த அதிகாரம் திரும்பாது. இப்படி அந்த மாணவியாகவே மாறி நின்றபின்னும் அதன் சந்தேகம் தீர்வதில்லை. டைரக்டரியிலோ ஸ்கிரிப்டிலோ வேறு யாராவது எழுத முடியுமா? பைல் அவருக்கே சொந்தமா? மொத்தம் 20 சோதனைகள். ஒன்று தவறினாலும் இயக்காது, 500 பிழைதான் வரும்.

777 என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வேறொருவர் மாற்றி எழுதிய ஸ்கிரிப்ட் அவர் பெயரில், அவர் அதிகாரத்தோடு ஓடும் ஆபத்து அது. திறந்துவிட்டதுதான் மூடிக்கொண்டதற்குக் காரணம்.

கம்ப்யூட்டர் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும், காரணம் கேளாமல் 777 போடுவதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒவ்வொரு கல்லூரியும் மாணவர்களுக்குச் சர்வரில் சொந்த இடம் தரவேண்டும். ஒரு பழைய கணினியே போதும். அதற்குக்கூடப் பணம் ஒதுக்காமல் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது என்னை வருத்துகிறது.

அந்த மாணவிக்கு: ஹோமுக்கு 711, பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கும் ஸ்கிரிப்டுக்கும் 755 (நீங்கள் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம், இயக்கலாம்). ஸ்கிரிப்டை விண்டோஸில் எழுதியிருந்தால் வரி முடிவில் ஒளிந்திருக்கும் கூடுதல் எழுத்தை நீக்குங்கள். முதல் வரியையே அது கெடுத்துவிடும். வெளியீட்டில், அது என்ன வகை உள்ளடக்கம் என்று சொல்லும் தலைப்பு வரிக்குப் பின் ஒரு வெற்று வரி வேண்டும். பிறகும் 500 வந்தால், சூ-எக்செக்கின் பதிவுப் பைலைக் காட்டும்படி சர்வர் பொறுப்பாளரிடம் கேளுங்கள். எந்தச் சோதனையில் தவறினீர்கள் என்று அதில் ஒரே வரியில் எழுதியிருக்கும்.