நடைபாதையா, ஓரப்பாதையா?

"சைக்கிளோட்டிகள் ஓரப்பாதையைப் பயன்படுத்தக் கூடாது."

போன வாரம் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைக்கு வந்த ஒரு துண்டறிக்கையில் இந்த வரி இருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், இன்னமும் சந்தைக்குச் சைக்கிளில்தான் வருகிறார். இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "என்னா தம்பி, ஓரத்துல போகக் கூடாதாம்ல? அப்ப நடு ரோட்டுலயா போகச் சொல்றாங்க?"

அவர் தவறாகப் படிக்கவில்லை. அந்தத் தமிழ் சொல்வது அதைத்தான். எழுதியவர் சொல்ல வந்ததோ, கடைக்கு முன்னால் ஆட்கள் நடக்கும் இடத்தில் ஓட்டாதீர்கள் என்பது. ஒரு சொல் மாறியதால், லாரி ஓடும் சாலையின் நடுவுக்கு ஒரு கிழவரை அனுப்பப் பார்த்தது அந்த அறிக்கை. இந்த 'ஓரப்பாதை' சில மாதங்களாகவே என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இனிமேலும் சும்மா இருக்க முடியாது.

மூலச் சொல் ஆங்கிலத்தின் 'பேவ்மென்ட்'. லத்தீனில் தரையை இடித்துக் கெட்டிப்படுத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. 'கல் பாவிய தரை' என்று நாம் சொல்லும் 'பாவு' இதோடு ஒலியில் ஒத்துப்போவது தற்செயல். நம் சொல்லுக்குப் பரப்புதல் என்று பொருள், இடித்தல் அல்ல. பிரிட்டனில் பேவ்மென்ட் என்றால் ஆள் நடக்கும் இடம். அமெரிக்காவில் அதே சொல் வண்டி ஓடும் சாலையின் மேற்பரப்பையே குறிக்கும். அங்கேயே வழுக்கும் சொல் அது. அதனால் சொல்லைப் பார்த்துப் பெயர்க்காமல் இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும்.

நம்மிடம் அப்படி ஒரு பெயர் இருக்கிறது: நடைபாதை. நடப்பதற்கான பாதை, அவ்வளவுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் புரியும்.

சரி, ஓரப்பாதை என்பார் வாதம் என்ன? 'நடைபாதை என்றால் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையையும் குறிக்கும், பூங்காவில் நடக்கும் பாதையையும் குறிக்கும். சாலைக்குப் பக்கத்தில் இருப்பதைத் தனியாகக் காட்ட வேண்டாமா?' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஓரம்' என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை சைக்கிள் ஏறிய நாளிலிருந்து அம்மா சொல்லும் முதல் வார்த்தை "ஓரமா போ". அந்த ஓரம் சாலையின் பகுதி, தாரின் விளிம்பு. அதற்கும் அப்பால் இருப்பதை மலாயில் 'பாஹு ஜாலான்' என்கிறார்கள், சாலையின் தோள். ஆள் நடக்கும் பாதைக்கு 'ஸியார் காக்கி' என்று வேறு பெயர். அறிக்கை எழுதியவர் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

நம் பட்டணங்களில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு, கடைவீட்டு மாடிக்குக் கீழே நிழலாக ஓடும் 'காக்கி லீமா'. 1822-இல் ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, கடை வரிசைக்கு முன்னால் மூடிய நடைவழி விட வேண்டும் என்றார். அந்த வழக்கம் மலாயாவெங்கும் பரவியது. ஐந்தடி அகலம் என்பதால் அந்தப் பெயர். மலாயில் 'லீமா' என்றால் ஐந்து. 'காக்கி' காலையும் குறிக்கும், அளவையும் குறிக்கும். தமிழில் 'அடி'யும் அப்படியே. நம் முன்னோர் இதை 'அஞ்சடி' என்றார்கள். அகராதி புரட்டாமல், கூட்டம் போடாமல், 'ஐந்து கால்' என்று உளறாமல் செய்த பெயர்ப்பு. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நான் இந்நாட்டில் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை இன்றைய அறிக்கைகளில் தேடினாலும் கிடைப்பதில்லை. பேச்சு வழக்காம், எழுத்துக்கு ஆகாதாம்!

இடத்தால் பெயரிடுவதா, பயனால் பெயரிடுவதா என்பதில் சட்டம் எழுதியவர்களும் பயன் பக்கம்தான் நின்றிருக்கிறார்கள். இங்கிலாந்தின் 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் தடுப்பது, நடந்து செல்வோரின் பயனுக்கென்று சாலைப் பக்கம் ஒதுக்கிய பாதையில் வண்டி ஓட்டுவதை. 1888-இல் சைக்கிளும் வண்டிக் கணக்கில் சேர்ந்தது. நம் நாட்டின் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடைவழி என்பதில் அஞ்சடியையும் சேர்த்தே சொல்கிறது.

அப்புறம், 'பெயரில் நடை இருப்பதால் சைக்கிள் போகக் கூடாது என்று ஆகிவிடுமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகாது. சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சட்டமே இடம் கொடுக்கிறது, மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. நம் ஊரிலும் அதைப் பேசலாம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பக்கத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளையைச் சைக்கிள் மிதிக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. அகலமான நடைபாதை இருந்தால் பிள்ளைகள் மெதுவாகப் போகட்டும் என்பேன். ஆனால் அஞ்சடியில் கூடவே கூடாது. தூண், படிக்கட்டு, கடைக்காரர் அடுக்கிய பெட்டி எல்லாம் போக மிஞ்சிய இடத்தில், மருந்துக் கடையிலிருந்து வெளியே கால் வைக்கும் ஒரு பாட்டி எதிரில் வருவதைப் பார்க்க வழியில்லை. பாருங்கள், அஞ்சடிக்கு ஒரு பதில், நடைபாதைக்கு ஒரு பதில், சாலையோரத்துக்கு இன்னொரு பதில். மூன்றையும் 'ஓரப்பாதை' ஆக்கிவிட்டால் இந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள கோபம் இதுதான். இருக்கும் சொல்லைக் கேட்காமல் புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்கள். சைக்கிளுக்கு மிதிவண்டி என்று அழகான சொல் பள்ளிப் புத்தகம் வரை வந்துவிட்ட பிறகும் 'ஈருருளி' என்று ஒருவர் எழுதுகிறார். மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை உருளியாம்? தூய தமிழ் எனக்கும் வேண்டும். நடைபாதையும் அஞ்சடியும் மிதிவண்டியும் எந்த விதத்தில் தூய்மை குறைந்தவை?

தமிழில் 'ஓட்டு' வேறு, 'தள்ளு' வேறு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் நடந்து போகிறவர்தான். அந்த வேறுபாட்டையும் சேர்த்து, துண்டறிக்கையின் பின்பக்கத்தில் பெரியவருக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "அஞ்சடியிலும் நடைபாதையிலும் மிதிவண்டி ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு போகலாம். சாலையில் இடது ஓரமாக ஓட்டுங்கள்." ஒரு முறைதான் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.