அடுத்தவர் கையைப் பார்த்து பேஸ் வாசிக்காதீர்கள்

கிற்றார் வாசிப்பவர் இரண்டாம் பிரெட்டில் (கழுத்திலுள்ள குறுக்குக் கோடு) எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வியான கேப்போவை மாட்டிவிட்டு ஜி பிடிக்கிறார், கேட்பது ஏ. அவருடைய விரலைப் பார்த்துப் பழகிய பேஸ்காரர், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிற்றார் வாசிப்பவர், ஜியை அடிக்கிறார். கீபோர்ட்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் அழுத்தியிருந்தாலும் இதே விபத்துத்தான். கொழும்பில் கல்யாண மேடைகளிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் பேஸ் வாசிக்கும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பழகுகிறார்கள். நல்ல காது, ஓடும் விரல், எல்லாம் உண்டு. தாம் அடிக்கும் சுரத்தின் பெயர் மட்டும் தெரியாது.

பெயர் தெரியத்தான் வேண்டும். ஏனென்றால் கோர்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின், பெயரை முடிவு செய்வது பேஸ். கீபோர்ட்டில் சி, ஈ, ஜி மூன்றும் ஒலிக்கும்போது நீங்கள் கீழே சி அடித்தால் அது சி மேஜர். ஏ அடித்தால், மேலே ஒருவரும் விரலை அசைக்காமலே ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். தெரிந்து செய்தால் அழகு. தெரியாமல் செய்தால் பாடுபவருக்கு எங்கே நிற்கிறோம் என்பதே குழம்பும்.

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்தவர்களிடம் இதற்கான அறிவில் பாதி ஏற்கனவே இருக்கிறது. சங்கராபரணம்தான் மேஜர் ஸ்கேல்; நடபைரவி இயல்பான மைனர். மேஜர் கோர்ட் என்பது ஸ, அந்தர காந்தாரம், ப. காந்தாரத்தை சாதாரணமாக்கினால் மைனர். இதைக் கம்பியில் பாருங்கள்: ஏ கம்பியின் ஐந்தாம் பிரெட் டி. அடுத்த கம்பியில் நான்காம் பிரெட் எஃப் ஷார்ப், அது மேஜருக்கு. மூன்றாம் பிரெட் எஃப், அது மைனருக்கு. ஏழாம் பிரெட்டில் இருக்கும் ஏ இரண்டுக்கும் பொது. மேஜரா மைனரா என்று தெரியாதபோது ஸவும் பவும் மட்டும் வாசித்துத் தப்பலாம் என்று பலர் நினைப்பது இதனால்தான். பி டிமினிஷ்ட் வந்தால் அந்தத் தப்பித்தலும் கைவிடும். அங்கே ப எஃப் ஷார்ப் அல்ல, எஃப்.

இன்னொன்று, பாடுபவரின் சுருதியைச் சொல்லும் கட்டை. ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், ஐந்து ஜி. மூன்று கட்டையில் பாடுபவர் கடைசி நிமிடத்தில் "அரைக்கட்டை ஏத்துங்கோ" என்றால் மூன்றிலிருந்து நாலுக்குத்தான் போகவேண்டும். ஈக்கும் எஃப்புக்கும் இடையில் கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரை என்று ஒன்று கிடையாது. பாட்டை ஸ, ம, ப என்று நினைவில் வைத்திருப்பவருக்கு இது சிரமமே இல்லை. சியில் அவை ஈ கம்பியின் எட்டாம் பிரெட், ஏ கம்பி எட்டு, ஏ கம்பி பத்து. அரைப்படி ஏற்ற எல்லாவற்றையும் ஒரு பிரெட் நகர்த்தினால் போதும். விரல் வைக்காத திறந்த கம்பிகளை நம்பிப் பழகியவர்தான் இங்கே மாட்டிக்கொள்வார்.

ஆழத்தில் காந்தாரத்தை ஸவோடு சேர்த்து அடிப்பதும் கூடாது. திறந்த ஈ கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ், அதற்கு மேல் ஜி ஷார்ப் 52. இவ்வளவு கீழே இவ்வளவு நெருங்கிய இரண்டு சுரங்களைக் காது பிரித்துக் கேட்பதில்லை, மண்டபத்தில் வெறும் இரைச்சலாகவே வரும். காந்தாரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள்: சிக்கு ஈ கம்பி எட்டு, ஜி கம்பி ஒன்பது.

பைலாவுக்கு ஒரு சொல்: ஆறு எண்ணும் 6/8ல் பெரிய தட்டு இரண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று. 1, 3, 5ல் பேஸ் விழுந்தால் அது மூன்று தட்டாக மாறிவிடும்.

பழகும் முறை எளிது. நாலு கம்பி பேஸில், திறந்த கம்பியிலிருந்து பதினோராம் பிரெட் வரை எந்தச் சுரமும் கம்பிக்கு ஒரு முறைதான் வரும். நாளுக்கு ஒரு சுரம், நான்கு இடங்கள், பத்து நிமிடம். பன்னிரண்டு நாளில் முழுக் கழுத்தும் பெயரோடு கைக்கு வரும். அதன் பிறகு தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60ல் வைத்து, ஒவ்வொரு கோர்டின் மூன்று சுரத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடி வாசியுங்கள். வாயில் பெயர் தடக்காமல் வரும்வரை வேகத்தைக் கூட்டவேண்டாம்.