சிலுவைக்கு விளக்கம் இல்லை, ஆப்புக்கு உண்டு

ரத்தக்காட்டேரி சிலுவையைக் கண்டதும் பின்வாங்குகிறதே, அதற்கு அறிவியல் விளக்கம் ஏதாவது உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிடையாது. அது நம்பிக்கை, கதைக்குள் ஒரு விதி, அவ்வளவுதான். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய டிராகுலா நாவலில், கழுத்தைப் பிடிக்க வந்த டிராகுலாவின் கை சிலுவை பட்டதும் விலகிக்கொள்ளும். தேவாலயத்தில் மந்திரித்துக் கொடுக்கும் நற்கருணை அப்பம் நாயகி மீனாவின் நெற்றியில் பட்டதும் சுட்டுத் தழும்பாகிவிடும். ஆனால் ரத்தக்காட்டேரி என்று சந்தேகித்த பிணத்தின் நெஞ்சில் ஆப்பு அறைந்தால் அது கத்துகிறதே, அதற்கு விளக்கம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

1725-ல் செர்பியாவின் கிசில்யேவோ கிராமம் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. அங்கே பீட்டர் பிளகோயெவிச் என்பவர் இறந்து புதைக்கப்பட்ட பிறகு எட்டே நாளில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாக மரணப்படுக்கையில் சொல்லியும் இருந்தார்கள். தோண்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடிக்க, ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் பக்கத்து ஊர்ப் பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு போய், பார்த்ததை அறிக்கையாக எழுதினார். புதைத்துப் பத்து வாரத்துக்கு மேல் ஆகியும் மூக்கு மட்டும் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, மற்றபடி உடல் புதிதாக இருக்கிறது. பழைய தோல் உரிந்து அடியில் புதுத்தோல், புது நகம், வாயில் ரத்தம். ஆப்பை இறக்கியதும் காதிலும் வாயிலும் ரத்தம் கொட்ட, அப்புறம் எரித்துவிட்டார்கள். பாதிரியாரே பக்கத்தில் நிற்கும்போதும் ஊர்க்காரர்கள் நம்பியது ஆப்பையும் நெருப்பையும்தான், கவனியுங்கள்.

அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை, எல்லாம் அப்படியே நடக்கக்கூடியவை. நாம் இறந்தாலும் நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சாவதில்லை. அவை நம் திசுக்களைத் தின்று வாயுவை உண்டாக்க, வயிறு உப்புகிறது, ஒல்லியாகச் செத்தவர் கூட நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்தவர் போல ஆகிவிடுகிறார். அந்த அழுத்தம் நுரையீரலை மேலே தள்ள, அதிலிருக்கும் கருஞ்சிவப்புத் திரவம் மூக்கிலும் வாயிலும் வழிகிறது. பார்ப்பவர்கள் யாருடைய ரத்தத்தையோ குடித்தது என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? மேல்தோல் நகத்தோடு சேர்ந்து கழன்றுவிட, அடியில் தெரியும் ஈரமான சிவந்த அடுக்குதான் அந்தப் 'புதுத்தோல்'.

இந்த நிலையில் மார்பில் ஆப்பை அறைந்தால், அடைபட்ட வாயு கிடைத்த வழியில் வெளியேறும். ஒரு வழி தொண்டை. குரல்நாண்களுக்கு ஆள் உயிரோடு இருக்கிறானா என்பது தெரியாது, காற்று போனால் நாதஸ்வரத்துச் சீவாளி போல அதிர்ந்துவிடும். செர்பியாவின் மெட்வெஜா கிராமத்தில் அர்னோட் பாவ்லே என்பவரின் பிணம் ஆப்பு இறங்கும்போது நன்றாகக் கேட்கும்படி முனகியது என்று 1732-ஆம் ஆண்டு ராணுவ மருத்துவர் அறிக்கை ஒன்று பதிவு செய்திருக்கிறது.

சரி, இத்தனை வாரம் கழித்துமா? தடயவியலில் கேஸ்பர் விதி என்று தோராயமான ஒரு கணக்கு உண்டு: திறந்தவெளியில் ஒரு வாரத்தில் ஆகும் அழுகல் மண்ணுக்குள் ஆக எட்டு வாரம் பிடிக்கும். பத்து வாரம் புதைந்த பிளகோயெவிச் காற்றில் ஒன்பது நாள் கிடந்த பிணத்துக்குச் சமம். நாற்பது நாளில் தோண்டிய பாவ்லே ஐந்து நாள் பிணம். குளிர் வேறு சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். எலும்பை எதிர்பார்த்துத் தோண்டியவர்கள் உப்பிய உடலைப் பார்த்தால் மிரளத்தானே செய்வார்கள்.

1981-ல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில், தானமாக வந்த உடல்களை வெட்டவெளியில் போட்டு அழுகுவதைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். இதற்கெல்லாம் பணமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கொலை வழக்கில் இறந்த நேரத்தை வேறு எப்படிக் கணிப்பதாம்? என்னைக் கேட்டால் இன்னும் அள்ளிக் கொடுக்கலாம்.

மதம் இங்கேதான் வேடிக்கையாக நுழைகிறது. அழுகாத உடல் கத்தோலிக்கர்களிடம் புனிதரின் அடையாளம். கிரேக்க மரபுவழித் திருச்சபை வட்டாரத்திலோ, சபையிலிருந்து விலக்கப்பட்டவனை மண் ஏற்காது, உடல் அழுகாமல் கிடக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. நடப்பது என்னவோ ஒரே வேதியியல். 1755-ல் மொராவியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ஒரு பெண்ணின் உடலை ரத்தக்காட்டேரி என்று தோண்டி எரித்த செய்தி வந்ததும் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஜெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் விசாரிக்கச் சொன்னார். குளிரும் காற்றுப் புகாத இடமும் அழுகலைத் தாமதப்படுத்தும் என்று அவர் எழுதிக் கொடுக்க, இனிமேல் இந்த மாதிரி விஷயங்களில் அரசு அதிகாரிகளைக் கேட்காமல் மதகுருக்கள் தாங்களாகவே இறங்கக் கூடாது என்று அரசி உத்தரவு போட்டார்.