சட்டைக்குள் தோள் எடுப்பாகத் தெரிய, வாரத்துக்கு எத்தனை நாள் ஜிம்?

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து ஜிம்களில் புதிதாகச் சேருகிறவர்கள் பலரும் கேட்பது, "சட்டை போட்டா தோள் எடுப்பாத் தெரியணும், வயிறு தெரியக்கூடாது" என்பதுதான். நியாயமான ஆசை. சிக்கல் ஃபோனில் பார்த்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதில் தொடங்குகிறது: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். இடையில் ஒரு கல்யாண வீடு, ஒரு நாள் அடைமழை வந்தால் போதும், அந்த வாரம் காலுக்கோ முதுகுக்கோ வேலையே இருக்காது. திங்கட்கிழமை மட்டும் யாரும் தவறவிடுவதில்லை. அதனால் நெஞ்சு வளரும், முதுகு அப்படியே கிடக்கும்.

எனவே போன மாதம் உண்மையில் எத்தனை நாள் போனீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். வாரம் மூன்று நாள் என்றால் ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி. நான்கு நாள் உறுதி என்றால் மேல் உடம்பு, கீழ் உடம்பு என்று மாற்றி மாற்றி. ஆறு நாள் திட்டத்தை ஒரு வருடமாவது பழகியவர்களுக்கு விட்டுவிடலாம். ஒரு தசைக்கு வேலை கொடுத்த பிறகு அது கூடுதலாக வளரும் நேரம் ஒன்றிரண்டு நாள்தான். ஒரே நாளில் நெஞ்சுக்கு 16 செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) அடித்தால் கடைசி ஐந்தாறு செட் அரைகுறையாகவே போகும். அதையே இரண்டு நாளாகப் பிரித்தால் எல்லா செட்டும் உருப்படியாக அமையும்.

மூன்று நாள்காரர்களுக்கு இரண்டு பட்டியல் போதும். ஒரு நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டம்பெல் பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி டம்பெலை மேலே தள்ளுவது), கேபிள் ரோயிங் (கேபிளை வயிற்றுப் பக்கம் இழுப்பது), லேட்டரல் ரைஸ் (டம்பெலைப் பக்கவாட்டில் தூக்குவது). அடுத்த முறை ரொமேனியன் டெட்லிஃப்ட் (பாரைப் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (எடையைத் தலைக்கு மேலே தள்ளுவது), லேட் புல்டவுன் (உட்கார்ந்தபடி மேலிருக்கும் பாரைக் கீழே இழுப்பது), பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது). முதல் இரண்டு வாரம் இரண்டு செட், பிறகு மூன்று. ஒரு செட்டுக்கு 8 முதல் 12 ரெப், அதாவது அத்தனை தடவை தூக்கி இறக்குவது. இன்னும் இரண்டு ரெப் எடுக்கத் தெம்பிருக்கும்போதே நிறுத்துங்கள். பெரிய பயிற்சிகளுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு வேண்டும். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால், பாரின் இருபுறமும் 1.25 கிலோ பிளேட் ஏற்றுங்கள். டம்பெலில் அடுத்த எடை பெரிய தாவலாக இருக்கும் என்பதால், 15 ரெப் வரை போய்விட்டு மாற்றுவது நல்லது.

இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டுமானால் தோளின் பக்கவாட்டுத் தசையும் முதுகும் அகல வேண்டும். அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் இவற்றுக்கான லேட்டரல் ரைஸும் புல்டவுனும்தான். லேட்டரல் ரைஸுக்கு 10 கிலோவைத் தூக்கி, இடுப்பை ஆட்டி வீசினால் வேலை கழுத்தோரத் தசைக்குப் போய்விடும். 3 முதல் 5 கிலோ போதும். முழங்கை லேசாக மடங்கியபடி தோள் உயரம் வரை ஏற்றி, இரண்டு மூன்று நொடியில் இறக்குங்கள். புல்டவுனில் பாரைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்க வேண்டாம். மேல்நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முழங்கையை விலாப் பக்கம் இறக்குங்கள். டெட்லிஃப்டில் பார் தொடையை உரசியபடி இறங்க வேண்டும். முதுகு வளையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள், பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

ரப்பர் வெட்டுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காரர்களின் முதுகும் முன்கையும் ஏற்கெனவே உழைத்திருக்கும். அவர்களுக்கு வாரம் இரண்டு நாளே நல்ல பலன் தரும். ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர்களில் சனி மாலை வசதியான நேரம்.

சாப்பாட்டில், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் என்றால் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள். 100 கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறுவது கடினம். சாளை, அயிலை, சூரையில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். 65 கிலோ எடைக்காரருக்கு நாளுக்குச் சுமார் 100 கிராம் புரதம் இலக்கு. புட்டோடு சேர்க்கும் பயறையும் கணக்கில் சேருங்கள், வேகவைக்காத 50 கிராம் பயறில் 12 கிராம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது. சோற்றின் அளவைக் குறைத்தால்தான் இறங்கும், அதுவும் வாரம் அரை கிலோ போல மெதுவாக.

"ரெண்டு மாசத்துல கல்யாணம்" என்று வருகிறவர்களிடம்தான் தசை வளர்க்கும் ஊசி பற்றிய பேச்சு எழுகிறது. தயவுசெய்து வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றினால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு பெண்களுக்குப்போலப் பருக்கும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் வயதில் இது பெரிய இழப்பு. ஏற்கெனவே போட்டிருந்தால் வெட்கப்படாமல், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மருத்துவரைப் பார்த்து, என்ன மருந்து, எத்தனை ஊசி என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

தேர்ந்த திட்டத்தை 12 வாரம் மாற்றாதீர்கள். தூக்கிய எடையையும் ரெப்பையும் நோட்டில் எழுதுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோள், இடுப்பு அளவை டேப்பால் எடுங்கள். ஒரு மாதமாக நோட்டில் எண் ஏறவில்லை என்றால், பட்டியலில் கை வைப்பதற்கு முன் தூக்கம் ஏழு மணி நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.