அபின்: போதைப்பொருள் அல்ல

“மதம் மக்களுக்குப் போதைப்பொருள் என்றார் மார்க்ஸ்.” மேடைக்கு மேடை இதே வரிதான். இதில் சொல்லும் பிழை, வேற்றுமை உருபும் பிழை.

மார்க்ஸ் எழுதிய சொல் ‘ஓபியம்’, அதாவது அபின். கிரேக்கத்தில் ‘ஓபோஸ்’ என்றால் செடியின் பால். அதிலிருந்து ‘ஓபியோன்’, அரபியில் ‘அஃப்யூன்’, நம்மிடம் அபின், அபினி. பச்சைக் கசகசாக் காயைக் கீறினால் வடியும் பால் காய்ந்து பழுப்பாக இறுகும். சுரண்டி எடுத்தால் அபின். தமிழில் ஊறிப்போன சொல். தனித்தமிழ் தேடுகிறோம் என்று இதைக் கைவிடத் தேவையே இல்லை.

மார்க்ஸின் வரி அச்சானது 1844-இல், பாரிஸில். அன்று அபின் வீட்டு மருந்து. சாராயத்தில் கரைத்த அபின்தான் லாடனம். வலி, இருமல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1868-இல் மருந்தகச் சட்டம் வரும்வரை சாதாரணக் கடைகளிலேயே கிடைத்தது. சீனாவோடு பிரிட்டன் நடத்திய முதல் அபின் போர் 1842-இல்தான் முடிந்திருந்தது என்பதால், அடிமையாக்கும் சரக்கு என்ற பொருளும் அன்றைய வாசகர் காதில் ஒலித்திருக்கும். அபின் என்ற சொல் இரண்டையும் தாங்கும். போதைப்பொருள் என்றதும் மருந்து மறைந்து குற்றம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வரிக்கு முந்தைய வரியோ மதத்தை ‘ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு’ என்கிறது. பெருமூச்சு விடுபவரைப் போதைக்காரர் என்று யார் சொல்வார்கள்?

அடுத்தது உருபு. ஜெர்மன் மூலத்தில் இருப்பது கிழமைப்பொருள், நம் ஆறாம் வேற்றுமை: ‘மக்களின் அபின்’. ‘மக்களுக்கு’ என்று ‘கு’ சேர்த்தால் நான்காம் வேற்றுமை, கொடைப்பொருள் வந்துவிடும். கொடை என்றால் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். உடனே பூசாரியும் பாதிரியாரும் ஊட்டிவிட்ட கதையாக வரி மாறுகிறது. மார்க்ஸ் பேசியது வலி தாளாமல் மக்களே தேடிக்கொள்ளும் ஆறுதலைப் பற்றி. உருபு மாறினால் அரசியலும் மாறும்: வலியைத் தீர்க்க வேண்டிய இயக்கம், வலிப்பவனைத் திட்டப் போய்விடும். லெனின் 1905-இல் எழுதிய கட்டுரையில் மதத்தை மட்டமான சாராயத்துக்கு ஒப்பிட்டது உண்மை. போதை என்ற அர்த்தத்தை அழுத்தியவர் அவர். ஆனால் அதே கட்டுரையில், கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் கட்சியில் சேரத் தடை இல்லை என்பதற்கும் காரணம் சொல்கிறார். அந்தப் பகுதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

மார்க்ஸின் அதே பத்தியில் இன்னொரு ஜெர்மன் சொல்லும் சிதைகிறது: ‘கைஸ்ட்’ (Geist). மனம், அறிவு, உயிர்ப்பு, ஆவி என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆன்மா’, ‘ஆன்மிகம்’ என்று போடுகிறார்கள். அறிவுசார் உற்பத்தி ‘ஆன்மிக உற்பத்தி’ ஆகிறது. படிப்பவர் தியானப் பயிற்சியோ என்று திகைக்கிறார். மூலத்தைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பிலிருந்து மொழிபெயர்த்தால் இப்படித்தான்.

அந்தப் பத்தியை இப்படி எழுதலாம்: “மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம், உயிர்ப்பற்ற நிலைமைகளின் உயிர்ப்பு. அது மக்களின் அபின்.”