மணியோசை ஏன் முன்னே வருகிறது?

சிறுவயதில் ஒரு விடியற்காலையில் நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தில் நின்றுகொண்டிருந்த என்னை, அம்மா தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். திரும்பிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் கோயில் யானை. அன்று அதன் கழுத்தில் மணி இல்லை. கல் பாவிய தளத்தில் ஏறத்தாழ மூன்று டன் எடை நடந்து வந்தும் எனக்கு ஓர் ஓசைகூடக் கேட்கவில்லை. ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்ற பழமொழியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. காலடி ஓசையால் தன் வரவைத் தெரிவிக்க முடியாத விலங்கு என்பதால்தான் அதற்கு மணி தேவைப்படுகிறது.

இந்த ஓசையின்மைக்குக் காரணம் பாதத்தின் உள்ளமைப்பு. வெளியே உரலைப் போலத் தட்டையாகத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் எலும்புகளைப் பார்த்தால் யானை ஏறக்குறைய விரல் நுனியில் நிற்கும் விலங்கு. ஐந்து விரல்களும் முன்னோக்கிச் சரிந்திருக்க, குதிகால் தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. அதன் அடியில் உண்டாகும் இடைவெளியைக் கொழுப்பும் நார்த்திசுவும் கலந்த தடித்த மெத்தை நிரப்புகிறது. குதிகாலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணையைச் செருகிக்கொண்டு ஒருவர் கால்விரல் நுனியில் நிற்பதாக நினைத்துக்கொண்டால் அமைப்பு புரிந்துவிடும். விரல்களைத் தவிர, ஆறாவது விரல் போன்ற ஓர் எலும்பும் இந்த மெத்தைக்குள் பின்னோக்கி நீண்டு முட்டுக் கொடுக்கிறது. முன்பு பொருட்படுத்தப்படாமல் இருந்த அந்த எலும்பு எடையைத் தாங்கும் உறுப்பு என்பதை, லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2011-இல் விளக்கியது.

கால் ஊன்றும்போது மெத்தை நசுங்கிப் பாதம் அகலமாகிறது; எடுக்கும்போது சுருங்குகிறது. குளத்துச் சேற்றில் இறங்கிய யானையின் கால் எளிதில் விடுபடுவதற்கு இந்தச் சுருக்கமே உதவுகிறது. எடை எவ்வளவு பரவுகிறது என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பாதத்தின் விட்டம் 36 செ.மீ. என்று கொண்டால் பரப்பு சுமார் 1,000 சதுர செ.மீ. ஆகும், நான்கு கால்களிலும் 3,000 கிலோ சமமாக இறங்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு முக்கால் கிலோதான் அழுத்தம். முன்பாதத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரட்டித்தால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும் என்பதும் இந்தப் பாதத்தைப் பற்றிய இன்னொரு வியப்பு.

தாமிரபரணிக் கரையில் உள்ள அத்தாழநல்லூரின் பெயரை ‘ஆனை காத்த நல்லூர்’ என்பதன் திரிபாக எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கஜேந்திரனைத் திருமால் காப்பாற்றியது இங்கேதான் என்பது தலபுராணம். முதலை கவ்விப் பிடித்தது யானையின் காலை என்பது எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும் செய்தி. கால் போனால் யானைக்கு எல்லாம் போயிற்று. முருகனின் ஊர்தியாகப் பழந்தமிழ்ப் பாடல்கள் பிணிமுகம் என்ற யானையைச் சொல்கின்றன. வாசல் நிலைகளில் கஜலட்சுமியின் இருபுறமும் யானைகள் நீர் சொரிகின்றன. அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாகத்தான் கோயில் யானை தீர்த்தக்குடம் சுமந்து வருகிறது, உற்சவத்தின் முன்னே நடக்கிறது, கஜபூஜையை ஏற்கிறது. ஆனால் இந்தத் தொண்டு முழுவதையும் அது கல்தளத்திலும் தார்ச்சாலையிலும் செய்ய வேண்டியிருக்கிறது.

காட்டு யானை நாளின் பெரும்பகுதியை மேய்ந்தும் நடந்தும் கழிக்கிறது. நடக்கும்போது நகமும் உள்ளங்காலின் தடித்த தோலும் தேய்கின்றன. அவை ஓயாமல் வளர்வதால் அந்தத் தேய்மானம் ஈடாகிவிடுகிறது. ஒரே இடத்தில் கட்டி நிறுத்தினால் வளர்ச்சி மட்டும் நடக்கிறது, தேய்மானம் நின்றுவிடுகிறது. நகம் நீண்டு பிளக்கும். உள்ளங்காலின் வெடிப்புகளில் சாணமும் மூத்திர ஈரமும் தங்கிச் சீழ் வைக்கும். இவற்றைவிட ஆழமான கேடு ஒன்று மூட்டுகளில் நேர்கிறது. ஆற்று மணலில் யானை நின்ற சுவட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்கால் தடம் வட்டமாகவும் பின்கால் தடம் சற்று நீண்டும், உள்ளங்கால் வெடிப்புகளின் வலைக்கோலத்தோடு பதிந்திருக்கும். அங்கே மணலும் பாதமும் சேர்ந்து அமுங்குகின்றன. கருங்கல் அமுங்காது. ஆகவே பாதத்தின் மெத்தை மட்டும் நசுங்குகிறது. அது தாங்க முடியாத மீதி விசை, தூண்போல் நேராக அடுக்கிய எலும்புகளின் வழியே மேலேறி மூட்டுக் குருத்தெலும்பை ஆண்டுக் கணக்கில் தேய்க்கிறது. மூட்டு கெட்டுப்போன யானைக்குப் படுப்பதும் கடினம், படுத்தால் எழுவது அதைவிடக் கடினம்.

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு மூட்டு வலி வந்ததையும், 2022-இல் பக்தர்கள் அதற்குத் தோல் செருப்பு செய்து கொடுத்ததையும் ஊரே அறியும். யானைக்குச் செருப்பா என்று வியந்தவர்கள் உண்டு. எனக்கு அது மிகச் சரியான சிந்தனையாகவே தோன்றியது. ஏனெனில் கல்லுக்கும் பாதத்துக்கும் நடுவே மண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது வந்தபோது காந்திமதிக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. 2025 ஜனவரியில் அந்த யானை இறந்தது.

இனி வரும் யானைக்கானாலும், இப்போது திருக்குறுங்குடியிலும் சங்கரன்கோவிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் நாம் கண்டு வணங்கிவரும் யானைகளுக்கானாலும், கால்வலி வந்தபின் செருப்பு தைப்பதைவிட முன்கூட்டியே செய்யக்கூடியவை உண்டு. கொட்டிலில் கல்லை எடுத்துவிட்டு நீர் வடியும் மணல் தளம் போட வேண்டும். தினமும் மண் பாதையில் நடத்திச் செல்ல வேண்டும். குளிப்பாட்டும்போது, பாகன் சொன்னதும் யானை காலை மடித்துப் பின்புறமாகக் காட்டுமே, அந்த நேரத்தில் உள்ளங்காலைத் தேங்காய் நாரால் தேய்த்து, வெடிப்பில் செருகியிருக்கும் சரளைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, நீண்ட நகத்தை அரத்தால் ராவிவிட வேண்டும்.